இரண்டு தொட்டி உள்ள வீடுகள்

நாலாவது மாடிக்கு வந்து சேர்வதற்குள் மூடியக்காவின் முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புகார் சொல்ல ஆரம்பித்துவிடும். இடது கால் கொஞ்சம் பொறுமைசாலி, மூன்றாவது மாடி வரைக்கும் வாயைத் திறக்காது. வலது கால் முதல் திருப்பத்திலேயே முனகத் தொடங்கிவிடும். ஒன்பது கட்டடம், ஒவ்வொன்றிலும் நாலு மாடி, லிப்ட் என்ற பேச்சே இல்லாத தெரு. மொத்தம் இருநூற்றுப் பதினாலு வீடு. குப்பை வண்டி வருவதற்கு முன்னால் அத்தனை வாசலையும் பார்த்தாக வேண்டும். பச்சை டப்பா ஒன்று, நீல டப்பா ஒன்று வெளியே இருந்தால் மாநகராட்சிப் படிவத்தில் ஒரு டிக். மக்கும் குப்பை பச்சையில், மக்காதது நீலத்தில். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் இந்தத் தெருவுக்கு வந்து இதைச் சொன்னபோது சிரிக்காத ஆளில்லை.

மூடியக்கா என்பது தெரு வைத்த பேர். அந்தக் காலத்தில் அவள் ஒரு வாசலில் நின்றால் முதலில் டப்பா மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவாள், அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர்களோடு பேச்சு. பச்சையில் பால் கவர் கிடந்தால் இரண்டு விரலால் எடுத்து நீலத்தில் போட்டு, "பாவம், வழி தெரியாம இங்க வந்துடுச்சு" என்பாள். திட்டினவர்களும் உண்டு, கதவைச் சாத்தினவர்களும் உண்டு. அவள் மறுநாளும் வந்து நிற்பாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்தத் தெரு அம்மியை விடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். ஒரு வழியாக நகர்ந்தது.

அதை முழுசாக நகர்த்தியவர் கணக்கு டீச்சர். ஐந்தாவது கட்டடம், நாலாவது மாடி. பணி ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் எதிரே நிற்பவரின் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கும் பார்வை ஓய்வு பெறவில்லை. மூடியக்கா பதினோரு தடவை படியேறினாள். பதினோராவது தடவை டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நான் உக்காந்து பிரிச்சு வச்சதை உங்க வண்டியில ஒண்ணாக் கொட்டிட்டாங்கன்னா?"

"அப்படி ஆச்சுன்னா முதல் ஆளா நானே வந்து உங்ககிட்ட சொல்வேன் டீச்சர். வேற யார் வாயிலேர்ந்தும் நீங்க கேக்க வேண்டியிருக்காது."

"அது போதும்" என்றார் டீச்சர். அடுத்த நாளே அவர் வாசலில் இரண்டு டப்பா வந்துவிட்டது. டீச்சரே வைத்துவிட்டாரென்று மிச்சமிருந்த வீடுகளும் வைத்தன.

இப்போது ஐந்து மாதமாக மூடியக்கா எந்த மூடியையும் திறப்பதில்லை. டப்பா இரண்டு இருக்கிறதா, டிக். அடுத்த வாசல். பேச்சும் குறைந்துபோய்விட்டது. யாராவது காபி குடிக்கிறாயா என்றால் நேரமாச்சு என்று படியிறங்கிவிடுகிறாள்.

காரணம் ஒரு தகடு. குப்பை வண்டியின் பின்பெட்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்கிற இரும்புத் தகடு. இந்தப் பக்கம் பச்சைக் குப்பை, அந்தப் பக்கம் நீலக் குப்பை. அதன் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் ஒர்க் ஷாப்பில் கழற்றி எடுத்தார்கள். ஒரு வாரத்தில் பற்றவைத்துத் தருகிறோம், அதுவரைக்கும் அப்படியே ஓட்டு என்றார்கள். தகடு ஒர்க் ஷாப் சுவரில் சாய்ந்தபடி ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. அதன் நிழலில் ஒரு நாய் படுத்துத் தூங்குகிறது. அந்த நாய்க்குக் குட்டி பிறந்து, குட்டிகளும் அங்கேயே படுக்கின்றன, கையெழுத்து வந்தபாடில்லை. ஆக, தெருவே உட்கார்ந்து பிரித்த குப்பை வண்டியில் ஏறியதும் ஒன்றாகிவிடுகிறது.

வண்டி ஓட்டுகிறவர் வேறு யாராவது என்றால் மூடியக்கா போய் நாலு கேள்வி கேட்டிருப்பாள். ஓட்டுகிறவர் அவள் வீட்டுக்காரர்.

முதல் வாரமே அவள் மேற்பார்வையாளரிடம் போனாள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எதற்கும் 'பாத்துக்கலாம்' என்பார், அதனால் ஆபீசில் அவருக்குப் பெயரே பாத்துக்கலாம் சார்.

"சார், தகடு வர்ற வரைக்கும் தெருவுல சொல்லிடறேனே."

"என்னன்னு சொல்லுவ? பிரிச்சது போதும், விட்டுடுங்கன்னா? பழக்கம் ஒரு தடவை விட்டுப் போச்சுன்னா மறுபடி மூணு வருஷம் படியேறணும்மா. ஏற உனக்கு முட்டி இருக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. குப்பையைக் கலந்தா டிரைவரைத்தான் சஸ்பெண்ட் பண்ணணும்னு விதி. தகடு இருந்துச்சா இல்லையான்னு விதியில இல்ல. உனக்குத் தெரியாததா? தகடு வந்துடும், பாத்துக்கலாம்."

சொன்னால் வீட்டுக்காரரின் வேலை போகும். சொல்லாவிட்டால் டீச்சருக்குக் கொடுத்த வாக்கு போகும். ஒரு வாரம்தானே என்று வாக்கைத் தள்ளிவைத்தாள். தள்ளிவைத்த வாக்கு ஊறப்போட்ட பயறு மாதிரி நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனது. இப்போது அதைத் தூக்கிக்கொண்டுதான் நாலு மாடி ஏறுகிறாள். கால் வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வீட்டுக்காரர் மத்தியானம் வீடு திரும்பினால் முதலில் குழாயடிக்குத்தான் போவார். இரண்டு முறை சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் தன் கையைத் தானே ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் தட்டின் முன்னால் உட்காருவார்.

"இன்னைக்கும் கலந்தீங்களா?"

"பின்ன, பாதியை மடியில வச்சுக்கிட்டா ஓட்ட முடியும்?"

முதல் மாதம் இதில் சண்டை வந்தது. இரண்டாவது மாதம் முணுமுணுப்பாகக் குறைந்தது. அப்புறம் அவள் கேட்பதும் அவர் சொல்வதும், உப்பு வேண்டுமா, போதும் என்பது மாதிரி ஆகிவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு திங்கட்கிழமை பாத்துக்கலாம் சார் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"உன் தெருவை மாதிரித் தெருவாத் தேர்ந்தெடுத்துட்டாங்கம்மா! தொண்ணூத்திரண்டு சதவீதம். நகரத்துலயே உன் படிவம்தான் முதல். வியாழக்கிழமை பெரிய அதிகாரி வர்றார். அந்தக் கணக்கு டீச்சருக்குச் சான்றிதழ், உனக்கும் ஒண்ணு."

மூடியக்கா கையிலிருந்த படிவத்தை மடித்தாள். "வண்டியையும் பாப்பாங்களா சார்?"

"பாக்காம? அதுக்கும் வழி பண்ணிட்டேன். பக்கத்து வார்டு வண்டியில தகடு இருக்கு. நாளைக்குக் கழட்டிட்டு வந்து நம்ம வண்டியில மாட்டிடுவாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் திருப்பிக் குடுத்துடலாம்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். போயிருக்க வேண்டாம். இரண்டு பேர் தகட்டைத் தூக்கி வந்தார்கள். துளை அச்சாகப் பொருந்தியது. நாலு போல்ட். ஒருவன் பிடித்துக்கொள்ள இன்னொருவன் ஸ்பானரைத் திருகினான். நடுவில் ஒரு டீ குடித்தார்கள். டீயையும் சேர்த்துக் கால் மணி நேரம்.

ஐந்து மாதம் அவள் கெஞ்சாத ஆளில்லை, எழுதாத கடிதமில்லை. ஒரு அதிகாரி ஒரு மணி நேரம் வருகிறார் என்றால் கால் மணி நேரத்தில் நடக்கிற காரியம். இருநூற்றுப் பதினாலு வீட்டுக்காரர்கள் தினம் குனிந்து நிமிர்ந்து பிரித்ததற்கு இந்த நாலு போல்ட்டின் மதிப்புக்கூட இல்லை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அங்கே கிடந்த ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். தகட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"போய் டீச்சர்கிட்ட சொல்லிடு."

"உங்க வேலை?"

"அஞ்சு மாசமா அந்தத் தெருவுல ரோட்டை மட்டும் பாத்துக்கிட்டு ஓட்டுறேன். மாடியில யாராவது நின்னாலே குலை நடுங்குது, எங்க பாத்துட்டாங்களோன்னு. நான் இருபத்திரண்டு வருஷம் குப்பை அள்ளியிருக்கேன், ஒருநாளும் வெக்கப்பட்டதில்ல. இப்போ வெக்கமா இருக்கு. வேலை போனா போகட்டும், போ."

அன்றைக்கு நாலு மாடியும் அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. டீச்சர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரம்மா என்று முக்காலியைக் காலால் நகர்த்திவிட்டார்.

மூடியக்கா உட்காரவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டாள். தகடு கழற்றியது, ஒரு வாரம் ஐந்து மாதமானது, எல்லாக் குப்பையும் ஒன்றாகப் போனது, ஓட்டுகிறவர் தன் வீட்டுக்காரர் என்பது, தனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது, எல்லாம். டீச்சரின் கத்தி ஒரே சீராக வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றார்.

"என்ன டீச்சர்?"

"ரெண்டாம் நாளே தெரியும். அன்னைக்கு நீ மூடியைத் திறக்கல. ஏதோ சரியில்லையேன்னு பால்கனிக்குப் போய் எட்டிப் பாத்தேன். பச்சையும் நீலமும் ஒரே பெட்டியில விழுந்துச்சு."

மூடியக்கா இப்போது உட்கார்ந்தாள்.

"அந்தப் பச்சை டப்பாவை எடுத்துப் பாரு" என்றார் டீச்சர்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு மூடியைத் திறந்தாள். உள்ளே வெங்காயத் தோல், மாத்திரை அட்டை, பால் கவர், டீத்தூள், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று. நீல டப்பாவையும் திறந்தாள். அதிலும் அதேதான், பிரஷ் மட்டும் இல்லை.

"நீங்களுமா டீச்சர்?"

"நான்தான் முதல்ல நிறுத்தினேன். என்னைப் பாத்து மத்தவங்க நிறுத்தினாங்க. ஆரம்பிச்சதும் அப்படித்தானே?"

"அப்ப ரெண்டு டப்பா எதுக்கு வெளியில வைக்கறீங்க?"

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார். "ஒண்ணு வச்சா நீ தப்புப் போடணும். தப்பு கூடிப்போனா ஆபீஸ்ல எவனாவது உன்னைத் திட்டுவான். முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வர்றவளுக்கு அது வேற எதுக்குன்னு பேசிக்கிட்டோம். குப்பையை ரெண்டு டப்பாவுலயும் பாதி பாதியாப் போட்டுடுவோம்."

"எல்லா வீட்டுலயும்?"

"ரெண்டு டப்பா வைக்கிற எல்லா வீட்டுலயும்தான். கீழ்த்தளத்துல இருக்காரே தையல்காரர், அவர் மட்டும் ஒழுங்கா இன்னும் பிரிச்சுக்கிட்டிருக்கார். அவருக்கு யாரும் சொல்லல, பாவம்."

மூடியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகையாக வந்தது. தெருவை ஏமாற்றுகிறோம் என்று அவள் ஐந்து மாதம் செத்துச் செத்துப் பிழைத்தாள். தெரு அவளைக் காப்பாற்றுகிறோம் என்று அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தது. நகரத்திலேயே முதல் படிவம் இப்படித்தான் தயாராகியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு, சோறு போட்டதே அவர்கள்தான் என்று இப்போதுதான் தெரிந்தது.

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமாகவும் இருக்கலாம். "எனக்குக் கோவம்தான் வந்துச்சு. வந்து சொல்வேன்னு சொன்னியே. ஒரு மாசம் காலையில கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், இன்னைக்குச் சொல்வா, இன்னைக்குச் சொல்வான்னு. அப்புறம் கோவம் போயிடுச்சு. இவளும் எல்லாரையும் மாதிரிதான்னு விட்டுட்டேன். அப்படி விட்டதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

"மன்னிச்சுடுங்க டீச்சர்."

"சரி, சொல்லிட்டியே." டீச்சர் கத்தியை மறுபடி எடுத்தபடி கேட்டார், "அந்தத் தகடு எதுக்கு?"

"ஒரே வண்டியில ரெண்டு குப்பையும் போகணுமே."

"ரெண்டும் ஏன் ஒரே நாள்ல போகணும்?"

மூடியக்கா நீல டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பச்சைதான் நாறும். அது ஆறு நாள் போகட்டும். காய்ஞ்ச குப்பை ஒரு வாரம் வீட்டுல கிடந்தா முட்டையா போடப் போகுது? திங்கட்கிழமை நீலம் மட்டும் எடுங்க. பெட்டியில ஒரே சரக்கு இருந்தா நடுவுல தடுப்பு எதுக்கு?"

மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஆபீசில் ஒருவரும் போடவில்லை. மூடியக்காவும் போடவில்லை, அவள் வீட்டுக்காரரும் போடவில்லை. போடக்கூடிய ஆள் நாலாவது மாடியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், அவரிடம் மறைப்பதில்தான் எல்லாருக்கும் மும்முரம். மூடியக்காவுக்குத் தன்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் கட்டடத்தில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாசலிலும் மணியடித்து, கதவு திறந்ததும் மூடியைத் திறந்தாள். "அஞ்சு மாசமா வண்டியில எல்லாம் ஒண்ணாத்தான் போச்சு. எனக்குத் தெரியும், நான் சொல்லல. தப்பு என்னோடது. நாளையிலேர்ந்து பச்சை மட்டும் வெளியில வையுங்க. நீலம் திங்கட்கிழமைதான்."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்த ஒருவர், டப்பாவைக் கையால் மறைக்கப் பார்த்தார். ஒரு பெண் சண்டைக்கு வந்தாள்.

"அஞ்சு மாசமா எங்களை முட்டாளாக்கியிருக்க!"

"உங்க டப்பாவுல என்ன இருக்குன்னு பாத்தேன்மா" என்றாள் மூடியக்கா. அவ்வளவுதான், அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள். ஒரு கட்டடத்தில் படியிலேயே உட்காரவைத்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள்.

தையல்காரரிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. அவர் நூல் துணுக்கைக்கூடத் தனியாக ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி நீல டப்பாவில் வைத்திருந்தார். அவள் சொல்லி முடித்ததும் கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ இத்தனை நாள் நான் ஒருத்தன் மட்டும்தானா?"

"ஆமாங்கண்ணே."

அவர் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வதாகத்தான் அவள் நின்றாள். "நாளைக்கு எந்த டப்பா வைக்கணும்?" என்றார்.

"பச்சை மட்டும்."

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தெருமுனையில் துணிப்பந்தல், எட்டு நாற்காலி, ஒரு மைக். குப்பை வண்டி கழுவித் துடைத்து நின்றது, உள்ளே இரவல் தகடு பளபளத்தது. மூடியக்கா விடிந்ததும் கிளம்பி ஒன்பது கட்டடமும் ஏறி இறங்கினாள். இருநூற்றுப் பதினாலு வாசலிலும் மூடியைத் திறந்தாள். முப்பது வீட்டில் டப்பாவே இல்லை, கோபம். நாற்பத்தேழு வீட்டில் ஒரே டப்பா, உள்ளே எல்லாம் கலந்த பழைய கதை. நூற்று முப்பத்தேழு வீட்டில் பச்சை டப்பா மட்டும், உள்ளே காய்கறித் தோலும் டீத்தூளும் முட்டை ஓடும், வேறு ஒன்றும் இல்லை. ஒரு பால் கவர்கூட இல்லை. அவள் நூற்று முப்பத்தேழையும் இரண்டு முறை எண்ணினாள். ஐந்து மாதத்தில் அவள் எழுதப்போகிற முதல் உண்மையான எண் அதுதான்.

எழுதப் படிவத்தை விரித்தாள். 'இரண்டு தொட்டி உள்ள வீடுகள்' என்று ஒரே ஒரு கட்டம். நூற்று முப்பத்தேழை எழுத இடமில்லை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள், யோசிக்க ஒன்றும் இல்லை. பூஜ்யம் என்று போட்டாள்.

பெரிய அதிகாரி பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர், தூக்கம் இல்லாத கண். அன்றைக்கு அவருக்கு இன்னும் மூன்று தெரு பாக்கி. முதல் கட்டடத்தில் ஒரு மாடி ஏறி வந்து, வாசல்களைப் பார்த்தார். "இன்னொரு டப்பா எங்கே?" என்றார்.

பாத்துக்கலாம் சார் மூடியக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பாதி சஸ்பென்ஷன் ஆர்டர் இருந்தது. மூடியக்கா படிவத்தைக் கொடுத்தாள்.

"பூஜ்யமா?"

"ஆமா சார். ரெண்டு டப்பா வச்ச வீடு பூஜ்யம். ஒழுங்காப் பிரிச்ச வீடு நூத்தி முப்பத்தேழு. பின்பக்கம் எழுதியிருக்கேன்."

கணக்கு டீச்சர் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னார், ஐந்து மாதக் கதையையும், திங்கட்கிழமை மட்டும் நீலம் என்கிற யோசனையையும். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல யோசனைதான் மேடம். ஆனா இதுல இதுக்கு இடம் இல்லையே. மேலே போறது முன்பக்கம் மட்டும்தான்."

"மூடியைத் திறந்து பாருங்களேன்" என்றார் டீச்சர்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சான்றிதழ்ப் பெட்டி வந்த காரிலேயே திரும்பிப் போனது. பட்டியலில் இரண்டாவதாக இருந்த தெருவுக்கு அது போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. மத்தியானம் அதே இரண்டு பேர் வந்து அதே கால் மணி நேரத்தில் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கலந்து வைத்த நாற்பத்தேழை வாசலிலேயே விட்டதால், தகடு இல்லாத வண்டியில் அன்றைக்கு ஏறினது வெறும் பச்சைக் குப்பை. டிரைவர் அதைத் தனியாகக் கொண்டுபோய் உரக் குழியில் கொட்டிவிட்டு வந்து, குழாயடியில் ஒரே ஒரு முறை சோப்பு போட்டுக் குளித்தார்.

மறுநாள் ஆர்டர் வந்தது. குப்பையைக் கலந்த குற்றத்துக்கு டிரைவருக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். ஆறாவது நாளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வண்டியின் கியரோடு மல்லுக்கட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. மூடியக்காவுக்கு வேறு விதமான தண்டனை. செயல்பாடு பூஜ்யம் என்பதால் மூன்று நாள் பயிற்சி வகுப்பு. தலைப்பு, குடியிருப்பவர்களைப் பங்கேற்க வைப்பது எப்படி.

வகுப்பு ஒரு பெரிய ஹாலில், எல்லா வார்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். திரை, மைக், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், பாட்டில் போட ஒரே ஒரு குப்பைக்கூடை. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு மூடியக்காவின் மகள் வயது இருக்கும், நல்ல உற்சாகம். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தெருவின் சதவீதத்தைச் சொல்லச் சொன்னாள். எண்பத்தெட்டு, எழுபத்தொன்பது, தொண்ணூறு என்று வரிசையாக வந்தது. மூடியக்கா எழுந்து பூஜ்யம் என்றாள். ஹாலே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு வெட்கமாக இல்லை. அசதியாக இருந்தது, உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் தொண்ணூற்றொன்று சொன்னவள். எல்லாரும் கைதட்டியபோதும் அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூடியக்காவின் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, உங்க வண்டியில தகடு இல்லாமப் போச்சாமே. எங்க வண்டியிலயும் இல்ல. எட்டு மாசம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல."

"ம்."

"எங்க தெரு ஜனங்க ரொம்ப நல்லவங்கக்கா. ஒருநாள் தவறாம ரெண்டு டப்பா வைக்கிறாங்க. பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

திரையில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தது. மூடியக்கா பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ மூடியைத் திறந்து பாத்து எத்தனை நாளாச்சு?"

அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"அவங்களுக்குத் தெரியும்" என்றாள் மூடியக்கா. "நாளைக்கே போய்ச் சொல்லிடு."